பஞ்சு பனியனும் நான்கு டிகிரி தண்ணீரும்

நாற்பது ஆண்டுகளாகக் கொடுங்கையூரில் பனியன், ஜட்டி, துண்டு மொத்த வியாபாரம் செய்து வருகிறேன். பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்தவன். திருப்பூர் சரக்கைக் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தே தரம் சொல்லிவிடுவேன் என்ற இறுமாப்பு எனக்கு உண்டு. அந்த இறுமாப்பு ஒரு தொலைபேசி அழைப்பில் உடைந்த கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். மளிகைக் கடைக்காரருக்கு இதில் என்ன வேலை என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். குளிர்கிடங்கு வைத்திருப்பவர்களும், ஐஸ்கிரீம், உறைந்த மீன் ஏஜென்சி எடுத்திருப்பவர்களும் நம்மில் பலர் உண்டு. அவர்களிடம்தான் வந்து சேரப் போகிறேன்.

என் பழைய வாடிக்கையாளர் ஒருவரின் மகன் துறைமுகத்தில் கப்பலின் அடிப்பாகம் சுத்தம் செய்யும் முக்குளிப்பு வேலை பார்த்தவன். அவனுக்கு நார்வே நாட்டில் சால்மன் மீன் பண்ணையில் கூண்டு வலை பார்க்கும் வேலை கிடைத்தது. நம் கடலில் வெறும் உடம்போடு இறங்கலாம். அங்கே குளிர்காலத்தில் தண்ணீர் நான்கைந்து டிகிரி. அதற்கென்று ‘டிரை சூட்’ என்றொரு உடை இருக்கிறது. கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர் பட்டை இறுகப் பிடித்து, உள்ளே தண்ணீர் வராமல் காக்கும். அதற்குள் போட்டுக்கொள்ளும் உள்ளாடையை நாமே வாங்கிக்கொள்ள வேண்டுமாம். வெளிநாட்டு விலையைப் பார்த்து மலைத்துப்போய் என்னிடம் வந்தான். நானும் பெருமையாக, இருப்பதிலேயே கனமான பருத்திப் பனியனும் முழுக்கால் உள்ளாடையும் ஒரு டஜன் எடுத்துக் கொடுத்து, மூன்று மூன்றாகப் போட்டுக்கொள் என்று சொல்லி அனுப்பினேன்.

இரண்டாம் வாரம் போன் வந்தது.

“அண்ணாச்சி, ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வரல. ஆனா அரைமணி நேரத்துல கை கால் வெடவெடன்னு ஆடுது. நீங்க குடுத்த பனியன் மொத்தமும் ஈரம்.”

“தண்ணி வரலன்னா ஈரம் எங்கேருந்துப்பா வந்துச்சு?”

“வேர்வை அண்ணாச்சி. வலையை இழுத்து வேலை செய்யும்போது வேர்க்குது. கை நின்னா உறையுது.”

கை மரத்துப்போனால் கத்தியும் கயிறும் நிற்காது. வலைக்குள்ளே கயிறு சுற்றிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கொடுத்தவன் நானல்லவா!

பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். டிரை சூட் தண்ணீரைத் தடுக்கும், அவ்வளவே. சூடு கொடுப்பது உள்ளாடையில் சிக்கி நிற்கும் காற்று. இது நமக்குப் புதிய சங்கதியா? ஐஸ் கட்டியை உமியிலும் மரத்தூளிலும் புதைத்து வைத்த தொழில் நம் தொழில். அமெரிக்காவிலிருந்து மரத்தூள் போட்டுக் கப்பலில் கொண்டுவந்த ஐஸ் கட்டியைச் சேமிக்க 1842-ல் கட்டியதுதான் மெரினா எதிரில் உள்ள ஐஸ் ஹவுஸ். மரத்தூள் நனைந்துவிட்டால் ஐஸ் நிற்காது என்பது எந்த ஐஸ் வியாபாரிக்கும் தெரியும். பனியனும் அப்படியே. தண்ணீர் காற்றைப்போல ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். பருத்தி வேர்வையைக் குடித்துவிட்டு விடாமல் வைத்துக்கொள்ளும். நம் ஊர் வெயிலில் அதுவே அதன் பெருமை, குளிரில் அதுவே எமன். கம்பளி தன் எடையில் முப்பது சதவீதம் வரை ஈரத்தை வாங்கிக்கொண்டும் நனைந்ததுபோல் உணர்த்தாது. பாலியஸ்டர் ஈரத்தைக் குடிப்பதே இல்லை, வெளியே தள்ளிவிடும்.

ஆகவே மறுபடி சரக்கு சேர்த்தேன். உடம்போடு ஒட்டி மெல்லிய பாலியஸ்டர் பனியனும் கால்சட்டையும். விளையாட்டுக்காரர்கள் போடுவது, திருப்பூரிலேயே கிடைக்கிறது. அதற்குமேல் லூதியானாவிலிருந்து கம்பளி கலந்த தெர்மல். அதற்கும் மேல் ஃபிளீஸ் மேல்சட்டை, கால்சட்டை. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி. அவன் பார்த்து வைத்திருந்த வெளிநாட்டு உடையின் விலையில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. நாள் முழுக்கத் தண்ணீரில் கிடப்பவருக்கு அந்த விலையுயர்ந்த உடை வீண் என்று நான் சொல்லமாட்டேன். நனைந்தாலும் சூடு காக்கும் ‘தின்சுலேட்’ என்ற பஞ்சு வைத்தது அது. சம்பாதித்து வாங்கிக்கொள்ளட்டும்.

கனமாகப் போட்டால் நல்லதுதானே என்று எண்ணினேன். அதுவும் தவறு. உள்ளே காற்று கூடினால் ஆள் மிதப்பான். அமிழ்வதற்கு இடுப்பில் ஈயக்கட்டி கூடுதலாகக் கட்ட வேண்டும். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பாகி உடை உடம்போடு நசுங்கும். உருண்டையான பொத்தானும் உலோக ஜிப்பும் தோலில் பதிந்துவிடும். சட்டைக் கை மணிக்கட்டு ரப்பருக்குள் நுழைந்தால் அந்த வழியே தண்ணீர் ஒழுகும். மட்டமான ஃபிளீஸ் பஞ்சு உதிர்த்துக் காற்று வெளியேறும் வால்வை அடைத்துவிடும். காலுறை இரண்டு ஜோடியையும் ஒன்றாகத் திணித்தால் ரத்த ஓட்டம் நின்று கால் இன்னும் சில்லிட்டுப்போகும். ஒன்று போட, ஒன்று மாற்ற. இன்னொன்றும் சொல்லி அனுப்பினேன்: கரையில் வெல்டிங் வேலை இருந்தால் ஃபிளீஸைக் கழற்றிவிடு. பாலியஸ்டர் பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். கம்பளி உருகாது.

இந்த ஃபிளீஸைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் கடையில் விற்கும் தண்ணீர் பாட்டிலும் பாலியஸ்டர் நூலும் அடிப்படையில் ஒரே பொருள். பழைய பாட்டிலை உருக்கி நூலாக்கி ஃபிளீஸ் சட்டை தைத்து 1993-லேயே படகோனியா என்ற அமெரிக்கக் கம்பெனி விற்றது. நம் கொடுங்கையூர் குப்பை மேட்டில் பாட்டில் பொறுக்குகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இது எனக்கு நினைவு வருகிறது.

இனி நம் வீட்டுக் கதை. உறைந்த சரக்குக் கிடங்கு மைனஸ் 18 டிகிரியில் நிற்கிறது. வெளியே நம் வெயில். பையன்கள் லாரியிலிருந்து பெட்டி இறக்கி வேர்த்து விறுவிறுத்து, அந்த ஈரப் பருத்திப் பனியனோடு உள்ளே போகிறார்கள். மேலே ஒரு கோட்டு கொடுத்தோம், கடமை முடிந்தது என்று நாம் இருக்கிறோம். நார்வேயில் அந்தத் தம்பிக்கு நேர்ந்தது இங்கே தினமும் நேர்கிறது. மூட்டு வலி, சளி என்று லீவு போட்டால் ஆள் சரியில்லை என்கிறோம். கோட்டைவிட முக்கியம் அதற்குள்ளே இருப்பது. ஆளுக்கு இரண்டு செட் பாலியஸ்டர் உள்ளாடை, வேர்த்தால் மாற்றிக்கொள்ள ஒரு மறைவிடம்; செலவு ஒரு பழுதான கம்ப்ரசர் பில்லில் காற்பங்கு வராது.

வாங்கும்போது அட்டையில் ‘தெர்மல்’ என்று போட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். பருத்தி கலந்தவை நிறைய வருகின்றன. ஓர் இழையைப் பிரித்துக் கொளுத்திப் பாருங்கள். காகிதம்போல் எரிந்து சாம்பலானால் பருத்தி. மயிர் கருகும் நாற்றம் வந்தால் கம்பளி. உருகி மணிபோல் கெட்டியானால் பாலியஸ்டர். துவைக்கும்போது ‘கம்ஃபர்ட்’ மாதிரியான வாசனைத் திரவம் வேண்டாம். இழைமேல் படிந்து வேர்வையை வெளியேற விடாது. கம்பளியை வெந்நீரில் போட்டால் சுருங்கிப்போகும்.

லூதியானா சரக்கை நவம்பரில் கேட்டால் அவர்கள் சொன்னதுதான் விலை. சித்திரை, வைகாசியில் கேட்டால் நாம் சொல்வது ஓரளவு எடுபடும். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான ஆடைக்கு ஜி.எஸ்.டி. ஐந்து சதவீதம்தான் என்பதும் தோதாக இருக்கிறது. தனித்தனியே பத்துப் பத்தாக வாங்குவதைவிடச் சங்கத்தின் பேரில் மொத்தமாகக் கொள்முதல் செய்யலாம். அடக்க விலைக்கே பிரித்துக் கொடுக்க நான் பொறுப்பேற்கிறேன். என் கடைக்கு இதில் ஒரு பைசா லாபம் வேண்டாம். கிடங்கு வைத்திருக்கும் உறுப்பினர்கள் தங்கள் ஆட்களின் மார்பளவு, இடுப்பளவு, காலுறை அளவு எழுதி அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தால் போதும்.