வலைக்கு மட்டுமா வரம்பு?

ஆந்திரப் பிரதேசமும் தமிழ்நாடும் பகிர்ந்துகொள்ளும் பழவேற்காடு ஏரி, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். ஆரணி, காளங்கி, சுவர்ணமுகி ஆறுகளின் நன்னீரும் முகத்துவாரம் வழியாக நுழையும் கடல்நீரும் கலப்பதால் இங்கு இறாலும் நண்டும் மடவையும் செழிக்கின்றன. இவ்வளத்தைப் பூசலின்றிப் பகிர, மீனவர்கள் 'பாடு' என்னும் முறையை வகுத்து, எவர் எந்நாளில் எவ்விடத்தில் வலையிடலாம் என வரையறுத்துக்கொண்டனர். ஆயினும், ஆறுகளின் வழியே கழிவு வந்து சேர்ந்தாலோ, மணல் மேடிட்டு முகத்துவாரம் அடைபட்டாலோ, அக்கட்டுப்பாடு மட்டும் மீன்வளத்தைக் காத்துவிடாது. வலை வீசுவோர்க்கு வரம்பு இருக்க, கழிவு விடுவோர்க்கு வரம்பு வேண்டாமா? எனவே, இரு மாநிலங்களும் ஏரியையும் அதில் கலக்கும் ஆறுகளையும் ஒன்றாகக் கருதி, பொதுத் திட்டம் ஒன்றினால் காத்தல் வேண்டும். அதுவே மீனவர் காட்டிய ஒழுங்கிற்கு நாம் செய்யும் நீதியாகும்.