12 லட்சம் வரை வரி இல்லை... அப்புறம் ஏன் என் 48,000 ரூபாயைப் பிடிச்சாங்க?

பந்தல்குடியில் மதுரை - தூத்துக்குடி நாற்கரச் சாலையோரம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து, "இன்கம் டாக்ஸ் கட்டுறீங்களா ப்ரோ?"ன்னு கேட்டுப் பாருங்க. "நமக்கெல்லாம் எங்க ப்ரோ, அதெல்லாம் சென்னை ஐ.டி பசங்களுக்கு"ன்னு பதில் வரும். இந்தப் பதில் பாதிதான் சரி. மீதிப் பாதியில் சிலருடைய பணம் சிக்கிக்கொண்டிருக்கிறது.

2025 பிப்ரவரி 1-ம் தேதி பட்ஜெட்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்ததிலிருந்து, '12 லட்சம் வரை வரி இல்லை' என்பது எல்லோர் போனிலும் சுற்றிய செய்தி. ஆனால், மாதம் 18,000 ரூபாய்க்கு மில்லுக்குப் போகிறவருக்கு இதனால் புதிதாக ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை. ஏன்னா, புதிய வரி முறையில் 7 லட்சம் வரை ஏற்கெனவே வரி கிடையாது. லாபம் முழுக்க அதற்கு மேல் சம்பாதிப்பவர்களுக்குத்தான்.

வரம்பு வேற, தள்ளுபடி வேற

2025-26 நிதியாண்டுக்கான புதிய முறையில், முதல் 4 லட்சத்துக்கு வரி கிடையாது. 4 முதல் 8 லட்சம் வரை 5%, 8 முதல் 12 வரை 10%, 12 முதல் 16 வரை 15%. அப்படியே படிப்படியாக ஏறி, 24 லட்சத்துக்கு மேல் 30%.

இதன்படி 12 லட்சம் வருமானத்துக்கு 60,000 ரூபாய் வரி வருகிறது. அதை 87ஏ பிரிவின் கீழ் அரசு அப்படியே தள்ளுபடி செய்கிறது. சம்பளக்காரர்களுக்கு 75,000 ரூபாய் நிலைக்கழிவும் உண்டு என்பதால், அவர்களுக்கு 12.75 லட்சம் வரை வரி பூஜ்ஜியம்.

ஆக, வரி விலக்கு வரம்பு 4 லட்சம்தான். அதைத் தாண்டினால், கட்டவேண்டிய வரி பூஜ்ஜியமாக இருந்தாலும் கணக்கு தாக்கல் செய்தே ஆகணும்.

"12 லட்சத்துக்கு மேல 10,000 ரூபாய் கூடிட்டா, மொத்தத்துக்கும் வரி போட்டுருவாங்களாமே?" இந்தப் பயமும் வேண்டாம். 12,10,000 ரூபாய்க்கு கணக்குப்படி 61,500 வருகிறது. ஆனால், கூடுதலாகச் சம்பாதித்தது 10,000தானே! அதனால் வரியும் 10,000-த்தோடு நின்றுவிடும் (4% செஸ் தனி).

அந்த 48,000 எங்கே போச்சு?

ஒரு உதாரணம். ஊரிலிருந்தபடியே சென்னை கம்பெனி ஒன்றுக்கு வீடியோ எடிட் செய்து கொடுக்கிறார் ஒரு தம்பி. மாதம் 40,000 ரூபாய்க்கு பில். அதைத் தொழில்முறைக் கட்டணமாகக் கணக்கு வைக்கும் கம்பெனி, 10% டிடிஎஸ் பிடித்துக்கொண்டு 36,000 அனுப்புகிறது. வருடத்துக்கு 48,000 ரூபாய்!

அவருடைய வருட வருமானம் 4.8 லட்சம். வரி 4,000 ரூபாய். தள்ளுபடிக்குப் பிறகு பூஜ்ஜியம். அந்த 48,000-மும் அவருக்கே திரும்ப வரவேண்டிய பணம். ஆனால், ஐடிஆர் தாக்கல் செய்தால்தான் வரும். "நமக்கெதுக்கு"ன்னு விட்டால், ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் அரசிடமே தங்கிவிடும்.

பான் எண்ணை ஆதாரோடு இணைக்காதவர்களுக்கு இன்னும் சிக்கல். டிடிஎஸ் 20 சதவிகிதமாகப் பிடிக்கப்படும், ரீஃபண்டும் வராது.

ட்ரேடிங் பசங்க கவனத்துக்கு

பங்குச் சந்தை லாபத்துக்கு இந்தத் தள்ளுபடி கிடையாது. நிலைக்கழிவு போக சம்பளம் 6 லட்சம், ஒரு வருடத்துக்குள் பங்கை விற்ற லாபம் 1 லட்சம் என்று வையுங்கள். மொத்தம் 7 லட்சம்தான். ஆனாலும் அந்த 1 லட்சத்துக்கு 20% வரி, செஸ் சேர்த்து 20,800 ரூபாய் கட்டணும். ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால், 1.25 லட்சம் வரையிலான லாபத்துக்கு வரி இல்லை. அதற்கு மேல் 12.5%.

மல்லிக்கு உண்டு, ஆட்டுக்கு இல்லை

அப்பாவின் காட்டில் விளையும் மல்லி, மிளகாய், பருத்தி வருமானத்துக்கு வருமான வரி கிடையாது. அது அப்பாவின் வருமானம், உங்கள் கணக்கில் சேராது. நிலம் உங்கள் பெயரிலேயே இருந்து, விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டி, மற்ற வருமானமும் 4 லட்சத்தைத் தாண்டினால், வரி விகிதத்தைக் கணக்கிட மட்டும் அதைச் சேர்த்துப் பார்ப்பார்கள். ஆடு வளர்ப்பும் பால் வியாபாரமும் சட்டத்தின் பார்வையில் விவசாயம் அல்ல. அந்த வருமானம் வரிக் கணக்கில் வரும்.

அப்போ என்ன செய்யணும்?

வருமான வரித் துறை இணையதளத்தில் உங்கள் பான் எண்ணில் நுழைந்து, 'ஏஐஎஸ்' அறிக்கையைத் திறங்க. யார் எவ்வளவு பிடித்தார்கள் என்று அதில் இருக்கும். பிடித்திருந்தால், தாக்கல் செய்யுங்க. சம்பளக்காரர்களுக்கு வழக்கமான கடைசித் தேதி ஜூலை 31.

"கமிஷன் கொடுங்க, எக்ஸ்ட்ரா ரீஃபண்ட் வாங்கித் தர்றேன்" என்று வருபவர்களிடம் மட்டும் சிக்காதீங்க. பொய்க் கழிவுகள் காட்டி ரீஃபண்ட் எடுத்த விவகாரத்தில், 2025 ஜூலையில் நாடு முழுக்க 150 இடங்களில் சோதனை நடந்தது. ஏஜென்ட் போட்ட பொய்க்கும் பதில் சொல்ல வேண்டியவர், பான் கார்டில் பெயர் உள்ளவர்தான்.

கடைசியாக ஒன்று. "நான் வரியே கட்டுறதில்ல"ன்னு யாராவது சொன்னால், அவர் போனைக் காட்டச் சொல்லுங்க. 349 ரூபாய் ரீசார்ஜில் ஏறக்குறைய 53 ரூபாய் ஜிஎஸ்டி. சம்பளம் 18,000 என்றாலும் லட்சம் என்றாலும் அதே 53தான். அதற்குத் தள்ளுபடியும் கிடையாது, ரீஃபண்டும் கிடையாது. திரும்ப வரக்கூடிய பணத்தையாவது கேட்டு வாங்குவோமே!