ஆறு போட்டியில் ஆளை மாத்தினால் அடி விழுமா?

பேஸ்போல் சீசன் ஏப்ரலில் சூடு பிடிக்கும். ஏப்ரல் முடிய முதலே எங்கேயோ ஒரு ஊரில் சனம் தலையில் கை வைச்சுக்கொண்டு இருக்கும். "ஒருத்தனும் அடிக்கிறான் இல்லை, மனேஜரைத் தூக்குங்கோ" என்பதுதான் முதல் கதை. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இந்தக் கதை புதுசில்லை. ஆனால் சீசன் தொடக்கத்தில் ஒரு அணியின் துடுப்பாட்டம் படுத்துப்போனால் அதை எப்படி வாசிக்க வேண்டும் என்பதில் பேஸ்போலிடம் படிக்க நிறைய இருக்கிறது. அதுக்கு நல்ல பாடம் 1988 ஆம் ஆண்டின் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணி.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓரியோல்ஸ் 1983 இல் உலகத் தொடரை வென்ற அணி. ஐந்து வருசத்துக்குள் அதே அணி சீசனின் முதல் 21 போட்டிகளையும் வரிசையாகத் தோற்றது. ஒன்று, இரண்டு இல்லை, 21. அதுக்கு முதல் ஒரு சீசனின் தொடக்கத்தில் வரிசையாகத் தோற்ற சாதனை 13 போட்டிகள்தான். ஓரியோல்ஸின் 21 ஐ இன்றைக்கு வரைக்கும் யாரும் தாண்டவில்லை. அந்த 21 போட்டியிலும் சேர்த்து அவர்கள் எடுத்த ஓட்டங்கள் 44, கொடுத்தவை 129. அதாவது போட்டிக்கு இரண்டு ஓட்டம் என்ற கணக்கு. பந்துவீச்சும் நல்லாயில்லைத்தான். ஆனால் இரண்டு ஓட்டத்தை வைத்துக்கொண்டு எந்தப் பந்துவீச்சாளர் உங்களைக் காப்பாற்றுவார்?

இத்தனைக்கும் அந்த வரிசையில் நின்றவர்கள் சும்மா ஆட்கள் இல்லை. கால் ரிப்கன் ஜூனியர், எடி மரே என்ற இரண்டு பேருமே பின்னாளில் ஹோல் ஒஃப் ஃபேமில் இடம்பிடித்தவர்கள். ஃபிரெட் லின் ஒரு காலத்தில் தன் முதல் சீசனிலேயே லீக்கின் பெறுமதிமிக்க வீரர் விருதை வாங்கியவர். இப்படியான ஆட்கள் இருந்தும் ஏன் ஓட்டம் வரவில்லை?

இதை விளங்கிக்கொள்ள பேஸ்போல் துடுப்பாட்ட வரிசை எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். கிரிக்கெட்டில் ஒரு ஆள் நின்று பிடித்தால் நூறு அடிக்கலாம், மற்றப் பத்துப் பேரும் சொதப்பினாலும் அணி தப்பலாம். பேஸ்போலில் அது நடக்காது. ஒன்பது பேர் வரிசையாக வர வேண்டும். நீங்கள் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் உங்கட முறை வரும் வரைக்கும் இருக்கையில் இருக்கத்தான் வேண்டும். ஒரு இன்னிங்ஸுக்கு மூன்று அவுட். அந்த மூன்று விழ முதல் அடிகள் அடுத்தடுத்து வந்தால்தான் ஓட்டம். தனித்தனியாக வருகிற அடியால் பெரிய பிரயோசனம் இல்லை.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கோ. ஒரு அணியில் ஒவ்வொருவரும் மூன்று தரத்துக்கு ஒரு தரம் பேஸுக்குப் போகிறார்கள் என்று வையுங்கோ. முதல் மூன்று பேரும் அப்படியே அவுட்டாகிப் போகிற இன்னிங்ஸ் பத்தில் மூன்று வரும். இப்போது மூன்றை நாலாக்குங்கோ, நாலு தரத்துக்கு ஒரு தரம்தான் போகிறார்கள். அப்படி வெறுமையாக முடிகிற இன்னிங்ஸ் பத்தில் நாலைத் தாண்டிவிடும். மிச்ச இன்னிங்ஸிலும் அடிகள் அடுத்தடுத்து விழுகிற வாய்ப்புக் குறையும். ஆளுக்கு ஆள் பார்த்தால் சின்னக் குறைவுதான். ஒன்பது பேருக்கும் சேர்த்துப் பார்த்தால் ஸ்கோர்போர்ட் முழுக்க முட்டை. அதோட, வரிசையில் பயமுறுத்தக்கூடியவர்கள் இரண்டு பேர்தான் என்றால் எதிரணிப் பிட்சர் அவர்களுக்கு அடிக்கக்கூடிய பந்தே போடமாட்டார். அவர்களை வோக்கில் அனுப்பிவிட்டு அடுத்த ஆளை அவுட்டாக்குவார். மரேயும் ரிப்கனும் இருந்தும் ஓரியோல்ஸ் காய்ந்துபோனதுக்கு இதுவும் ஒரு காரணம்.

இனி ஏப்ரல் பற்றிய உண்மைக்கு வருவோம். பேஸ்போலில் நல்ல ஆட்டக்காரர்கூட பத்துத் தரத்தில் ஏழு தரம் தோற்பவர்தான். சராசரி 0.270 வைத்திருக்கிற ஒருவருக்கு மூன்று வாரத்தில் ஏறத்தாழ 80 வாய்ப்புக் கிடைக்கும். வழமையாக அதில் 21, 22 ஹிட் அடிப்பார். அதில் நாலு குறைந்தால் சராசரி 0.220 ஆகிவிடும், பத்திரிகையில் "பெரும் சரிவு" என்று தலைப்பு வரும். நாலு பந்து! இரண்டு நேராகக் கையுக்குப் போயிருக்கும், ஒன்றை யாரோ பாய்ந்து பிடித்திருப்பார்கள், ஒன்று குளிர்காற்றில் எல்லைக்கு முதலே விழுந்திருக்கும். 162 போட்டி விளையாடுகிற சீசனில் முதல் 21 ஐ மட்டும் வைத்து ஒரு துடுப்பாட்டக்காரரை எடை போட முடியாது. அந்த வருசம் மரே கடைசியில் 28 ஹோம் ரன் அடித்தார், கால் ரிப்கன் ஜூனியர் 23 அடித்தார். ஏப்ரலில் இவர்களைத் தூக்கி எறிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அப்ப எல்லாமே துரதிர்ஷ்டம்தானா? இல்லை. இந்த இடத்தில்தான் "பொறுங்கோ, எல்லாம் சரிவரும்" என்கிற கூட்டத்தோடும் நான் ஒத்துப்போகவில்லை. ஓரியோல்ஸ் அந்த வருசம் 54 வென்று 107 தோற்றது. அவ்வளவு மோசமான ஒரு அணிகூடக் குறிப்பிட்ட 21 போட்டிகளை வரிசையாகத் தோற்பது, நாணயம் சுண்டுகிற கணக்கில் பார்த்தால், ஐயாயிரத்தில் ஒரு தரம்தான் நடக்கும். ஆகவே துரதிர்ஷ்டம் இருந்தது, அழுத்தமும் இருந்தது. ஆனால் நல்ல அணிக்கு இந்த வாய்ப்பு ஐயாயிரத்தில் ஒன்றாகக்கூட வராது. அடியில் அணி உக்கித்தான் போயிருந்தது. 1986 இல் 89 தோல்வி, 1987 இல் 95 தோல்வி. பழைய பெயர்களை வைத்துச் சமாளித்துக்கொண்டு, கீழே இளம் ஆட்களை வளர்க்கிற வேலையை விட்டுவிட்டார்கள். இது ஏப்ரலில் வந்த வருத்தம் இல்லை, ஏப்ரலில் வெளியில் தெரிந்த வருத்தம்.

நிர்வாகம் என்ன செய்தது? ஆறே ஆறு போட்டி முடிய மனேஜரை நீக்கியது.

அந்த மனேஜர் கால் ரிப்கன் சீனியர், ஷோர்ட்ஸ்டொப் இடத்தில் நின்ற கால் ரிப்கன் ஜூனியரின் அப்பா. இரண்டாவது பேஸில் நின்ற பில்லி ரிப்கனுக்கும் அப்பா. 1957 இலிருந்து ஓரியோல்ஸுக்காகவே உழைத்தவர். சின்ன ஊர்களில் சின்ன லீக் அணிகளில் பெடியளுக்கு விளையாட்டுச் சொல்லிக்கொடுத்தே பல வருசத்தைக் கழித்தவர். முழுநேர மனேஜர் பதவி அவருக்குக் கிடைத்தது 1987 இல்தான், அணி ஏற்கனவே சரியத் தொடங்கிய பிறகு. அந்த ஆறு போட்டியில் அணி எடுத்த ஓட்டங்கள் மொத்தம் ஏழு. அவர் துடுப்பைத் தூக்கவில்லை, பந்தும் வீசவில்லை. ஆனால் அனுப்பப்பட்டது அவர்.

நிர்வாகத்தின் பக்கத்திலும் நியாயம் இருக்கென்று சிலர் சொல்வார்கள். முதல் வருசமே 95 தோற்றவர், மாற்றம் தேவைதானே என்பார்கள். சரி, ஏற்றுக்கொள்வோம். அப்படியென்றால் அந்த முடிவை 1987 ஒக்டோபரில் எடுத்திருக்க வேண்டும். 162 போட்டியைப் பார்த்துவிட்டு "இவர் இருக்கட்டும்" என்று சொன்னவர்களுக்கு, அடுத்த ஆறு போட்டி அப்படி என்ன புதிதாகக் காட்டியது? ஒன்றுமே இல்லை. ஆறு போட்டியில் மாறியது அவரைப் பற்றிய தகவல் இல்லை, மேலே இருந்தவர்களின் பயம்தான். சனம் கத்துது, பத்திரிகை எழுதுது, ஏதாவது செய்ததாகக் காட்ட வேண்டும். ஒன்பது துடுப்பாட்டக்காரரை ஒரே நாளில் மாற்ற முடியாது. ஒரு மனேஜரை மாற்றலாம். அதுதான் நடந்தது.

மாத்தினால் அடி விழுந்ததா? புதிய மனேஜர் ஃபிராங்க் றொபின்சன். ஓரியோல்ஸுக்காக விளையாடி உலகத் தொடர் வென்றவர், 1975 இல் பெரிய லீக்கின் முதல் கறுப்பின மனேஜராக வந்தவர். விளையாட்டைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. அவருக்குக் கீழே அணி இன்னும் 15 போட்டி வரிசையாகத் தோற்றது. ஏப்ரல் 29 அன்று சிக்காகோவில் 9-0 என்று முதல் வெற்றி வந்தது. அதுக்குப் பிறகும் இரண்டு தோல்வி. 24 போட்டி முடிய ஒரு வெற்றி.

இதே றொபின்சனுக்கு அடுத்த வருசம் அமெரிக்கன் லீக்கின் சிறந்த மனேஜர் விருது கிடைத்தது. 1989 இல் ஓரியோல்ஸ் 87 போட்டி வென்று, கடைசி வாரம் வரைக்கும் ரொறொன்ரோவோடு முதலிடத்துக்குப் போட்டி போட்டது. ஒரு வருசத்துக்குள் அந்த மனிதனுக்கு மூளை வளர்ந்துவிட்டதா? இல்லை, ஆட்கள் மாறினார்கள். 1988 இன் நடுவிலிருந்தே நிர்வாகம் உண்மையான வேலையைத் தொடங்கியிருந்தது. லின்னை விற்றார்கள், அனுபவமுள்ள பிட்சர் மைக் பொடிக்கரைக் கொடுத்து பிரேடி அண்டர்சன், கேட் ஷில்லிங் என்ற இரண்டு பெடியளை வாங்கினார்கள், வருசக் கடைசியில் மரேயையும் விட்டார்கள். ஓக்லண்ட் கைவிட்ட மிக்கி டெட்டில்டன் 1989 இல் 26 ஹோம் ரன் அடித்தார். ஸ்டீவ் ஃபின்லி, மைக் டெவெரோ போன்ற ஓடக்கூடிய, பிடிக்கக்கூடிய இளம் ஆட்கள் வெளித்திடலில் நின்றார்கள். 1988 இல் முழுச் சீசனிலும் 550 ஓட்டம் எடுத்த அணி 1989 இல் 708 எடுத்தது. பெரிய பெயர்கள் இல்லாமலேயே! வரிசையில் ஓட்டைகள் குறைந்ததுதான் விசயம்.

அந்த 1989 அணியில் மூன்றாவது பேஸ் பக்கத்தில் பயிற்சியாளராக நின்றவர் யார் தெரியுமா? கால் ரிப்கன் சீனியர். நீக்கிய அதே நிறுவனம் அடுத்த வருசமே அவரைத் திருப்பிக் கூப்பிட்டது. அவரும் வந்தார். அவர் பிரச்சினை இல்லை என்பதுக்கு இதைவிட வேறென்ன சாட்சி வேணும்? அப்பாவை நீக்கிய பிறகு பில்லி, அவரின் 7 ஆம் இலக்கச் சட்டையைத் தான் போட்டுக்கொண்டு விளையாடினார். அதுவும் ஒரு பதில்தான்.

இது பழைய கதை என்று விடவும் முடியாது. 2024 இல் சிக்காகோ வைற் சொக்ஸ் முதல் 25 போட்டியில் 3 ஐ மட்டும் வென்றது. பிறகு ஆடி, ஆவணியில் அவர்களும் வரிசையாக 21 தோற்று ஓரியோல்ஸின் எண்ணைத் தொட்டார்கள். அந்தத் தோல்வித் தொடர் முடிந்த கையோடு மனேஜர் பெட்ரோ கிரிஃபோல் நீக்கப்பட்டார். அணி 121 தோல்வியோடு முடிந்தது. 1900 க்குப் பிறகு எந்த அணியும் ஒரு சீசனில் இவ்வளவு தோற்றதில்லை. முழுச் சீசனிலும் எடுத்த ஓட்டங்கள் 507. சீசன் தொடங்க முதலே தங்கட சிறந்த பிட்சரை விற்றுவிட்டு, வரிசையில் இவ்வளவு ஓட்டையோடு இறங்கிய அணிக்கு மனேஜர் என்ன மந்திரம் செய்வது?

என் கருத்து இதுதான். தொடக்கத்தில் துடுப்பாட்டம் படுத்தால் இரண்டு கேள்வியைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒன்று, இந்த ஆட்கள் போன வருசமும் அதுக்கு முதல் வருசமும் எப்படி அடித்தார்கள்? நல்லா அடித்தவர்கள் என்றால் பொறுக்கலாம், மூன்று வாரம் பெரிய விசயமில்லை. இரண்டு, போன வருசமும் இதே கதையா? அப்படியென்றால் பொறுத்துப் பயனில்லை, ஆனால் கேள்வி போக வேண்டியது வரிசையைக் கட்டினவர்களிடம். களத்துப் பக்கத்தில் நிற்கிற ஆளை அனுப்பினால் அந்தக் கேள்வி ஒரு மாதத்துக்கு மறக்கப்படும், அவ்வளவுதான்.

பால்டிமோர் சனத்துக்கு இது விளங்கியிருந்தது என்றுதான் நினைக்கிறேன். ஒரு வெற்றியும் 23 தோல்வியுமாக அணி மே 2 அன்று ஊருக்குத் திரும்பியபோது மைதானத்துக்கு வந்தவர்கள் 50,402 பேர். தோற்றுத் தோற்று வந்த பெடியளைப் பார்க்க ஒரு திங்கட்கிழமை இரவு ஐம்பதாயிரம் பேர்! மேலே இருந்தவர்கள் ஆறு போட்டிகூடப் பொறுக்கவில்லை. டிக்கெட் வாங்கின சனம் பொறுத்தது. அண்டிரவு ஓரியோல்ஸ் டெக்சாஸை 9-4 என்று வென்றது.