விருந்தாளி யார்?

சென்ற வாரம் பத்தாம் வகுப்பில் பூகோள பாடம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு பையன் எழுந்து, "ஐயா, திமிங்கிலத்தோடு மனிதன் நீந்த முடியுமா?" என்று கேட்டான். வளையமாதேவி வாய்க்காலில் நீந்தக் கற்றவனுக்கு இப்படி ஓர் ஆசை!

"முடியும்" என்றேன். பசிபிக் சமுத்திரத்தில் டோங்கா என்றொரு தீவு ராஜ்யம் உண்டு. ஆண்டுதோறும் ஜூலை முதல் அக்டோபர் வரை கூனல் முதுகுத் திமிங்கிலங்கள் கன்று ஈனுவதற்காக அங்கே வருகின்றன. 1978-ல் அந்நாட்டு மன்னர் அவற்றை வேட்டையாடுவதைத் தடுத்துவிட்டார். ஈட்டியுடன் துரத்திய கடலில் இன்று மனிதர்கள் வாயில் மூச்சுக் குழாயுடன் மிதந்து, நாற்பதடிக்கு மேல் நீளமுள்ள தாயையும் அதன் கன்றையும் கண்டு களிக்கிறார்கள். ஒரு சமயத்தில் நால்வரும் ஒரு வழிகாட்டியும் மட்டுமே நீரில் இறங்கலாம் என்பது விதி.

அவ்வளவு தூரம் போவானேன்? நமது அரபிக் கடலிலேயே அந்த இனம் இருக்கிறது. மற்றக் கூனல் முதுகுத் திமிங்கிலங்கள் இரை தேடித் துருவக் கடலுக்கு யாத்திரை போகும். இவை மட்டும் போவதில்லை. தென்மேற்குப் பருவக் காற்று மேல் நீரைத் தள்ள, அடியிலிருந்து சத்து நிறைந்த குளிர்நீர் எழும்புகிறது. அதனால் சிறுமீன்கள் பெருகுகின்றன. நமது தேசத்துக்கு மழை கொடுக்கும் காற்றே அவற்றுக்குச் சோறும் போடுகிறது.

1966-ல் சோவியத் கப்பல்கள் ரகசியமாக இவற்றுள் இருநூறுக்கு மேற்பட்டவற்றைக் கொன்றன. இப்போது எஞ்சியவை நூறுக்கும் குறைவு என்பது ஆராய்ச்சியாளர்களின் மதிப்பு. வலையில் சிக்குவதும் கப்பல் மோதுவதும் இன்றைய ஆபத்துகள். 2017-ல் ஓமான் கரையில் 'லுபான்' என்ற பெண் திமிங்கிலத்தின் மீது செய்தி அனுப்பும் கருவி ஒன்றைப் பொருத்தினார்கள். அது அரபிக் கடலைக் கடந்து, நமது மேற்குக் கரையோரமாகத் தென்முனை வரை வந்து திரும்பிற்று! லுபான் என்றால் அரபு மொழியில் சாம்பிராணி என்று பொருள்.

சொந்த இடத்தை விட்டுப் போகாத ஜீவனின் நிலையை எங்களூர்ப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை. 2023 ஜூலையில், சுரங்கத்துக்கான கால்வாய் வெட்டுவதற்காக, பயிர் நின்ற வயலிலேயே இயந்திரங்கள் இறங்கியதை அவர்கள் பார்த்தவர்கள். 'வேறிடம் போகலாமே' என்று சொல்வது சுலபம். போக்கிடம் அற்றவர்களுக்கல்லவா அதன் பொருள் தெரியும்?

"அப்படியானால் நம் கடலில் நீந்தக் கூடாதா, ஐயா?" என்றான் பையன்.

"அங்கே விருந்தாளி நீ. வீட்டுக்காரர்கள் நூறு பேர் கூட இல்லாத வீட்டில், அவர்கள் பெருகும் வரை வாசலில் நிற்பதுதான் மரியாதை" என்றேன்.

பையன் சற்று யோசித்தான். "டோங்காவுக்கு அப்பா எப்படியும் அனுப்பப் போவதில்லை. வாசலில் நிற்பதே எனக்கும் சௌகரியம்" என்று சொல்லி உட்கார்ந்தான்.