பெட்டியைத் தராசில் ஏற்றுங்கள்!

சென்ற வருஷம் சிங்கப்பூரில் உல்லாசக் கப்பல் ஏறக் குடும்பத்தோடு கிளம்பினோம். மலிவு விமான டிக்கெட் கிடைத்ததில் எனக்கு ஒரே பூரிப்பு. சென்னை விமான நிலையத்தில் அல்லவா தெரிந்தது, கையில் கொண்டுபோகும் 7 கிலோ மட்டுமே அதில் சேர்த்தி என்று! பெரிய பெட்டிக்குத் தனிக் கட்டணம். "முன்னாடியே கட்டியிருந்தா குறைச்சலா முடிஞ்சிருக்கும்மா" என்றாள் கவுண்ட்டர் பெண்.

பெட்டி நகரும் நேரத்தில் மாமியார் பதறினார்: "ஐயோ, என் பிரஷர் மாத்திரை அதுக்குள்ளே இருக்கே!" நல்லவேளை, திறந்து எடுத்துக்கொண்டோம்.

சகோதரிகளே, மாத்திரை, மருந்துச் சீட்டு, பவர் பேங்க் எல்லாம் கைப்பையில்தான் இருக்க வேண்டும். தடுப்பூசி முழுதும் போடாதவர்களுக்கு இருந்த கொரோனாப் பரிசோதனைக் கட்டாயத்தைச் சிங்கப்பூர் 2023 பிப்ரவரி 13-ல் நீக்கிவிட்டது. ஆனாலும் விமானம், கப்பல், இறங்கும் நாடு மூன்றுக்கும் விதிகள் வேறு வேறு. டிக்கெட் வாங்கும்போது ஒரு தரம், கிளம்பும் வாரம் ஒரு தரம் பார்த்துவிடுங்கள்.

முடிந்தால் ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேருங்கள். விமானம் தாமதமானால் கப்பல் நமக்காகக் காத்திருக்காது!

இப்போதெல்லாம் ஊருக்குக் கிளம்புமுன் மாமியார் கேட்கும் முதல் கேள்வி: "பெட்டியை நிறுத்துப் பார்த்தியாடீ?"