அடையாளம் வைத்துத் தையல் போடுக!

மார்பில் புற்றுநோய்க் கட்டி கண்டால் மார்பையே அறுத்தெடுக்க வேண்டும் என்ற காலம் மலையேறிவிட்டது. அமெரிக்காவில் டாக்டர் பெர்னார்ட் ஃபிஷர் 1,851 பெண்களை 20 ஆண்டுகள் கவனித்து 2002இல் முடிவை வெளியிட்டார். ஆரம்ப நிலையில் கட்டியை மட்டும் எடுத்தவர்களும் மார்பை இழந்தவர்களும் ஒரே அளவில்தான் உயிர் வாழ்ந்தனர். ஆனால் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர் சிகிச்சை பெறாதவர்களில் 100க்கு 39 பேருக்கு அதே மார்பில் நோய் திரும்பியது. கதிர் பெற்றவர்களில் 14 பேருக்கே!

பலருக்குக் கட்டி இருந்த இடத்தில் கூடுதல் கதிரும் பாய்ச்சுகிறார்கள். அந்த இடம் எது? கத்தி வைத்தவருக்குத் தெரியும், கதிர் வைப்பவருக்கு? தழும்பை நம்ப முடியாது. ஓரத்தில் கீறி, உள்ளே தள்ளியிருந்த கட்டியை எடுத்திருப்பார்கள். பக்கத்துச் சதையை இழுத்துப் பள்ளத்தை மூடியிருப்பார்கள். இடையில் மருந்தேற்றும் சிகிச்சை வந்தால் மாதங்கள் ஓடிவிடும். காயம் சுருங்கி, ஸ்கேனிலும் இடம் புலப்படாது. எல்லைக்கல் நடாமல் வரப்பை உழுதுவிட்ட கதைதான்!

பரிகாரம் எளிது. தையல் போடுமுன் பள்ளத்தின் சுவர்களிலும் அடியிலும் நாலைந்து டைட்டானியம் கிளிப்புகளை மாட்டிவிட வேண்டும். மிகச் சிறியவை, உடம்பிலேயே இருந்தாலும் தீங்கில்லை, ஸ்கேனில் பளிச்சென்று தெரியும். சில நிமிட வேலை.

மாட்டாமல் விட்டால் நோயாளிக்குத் தெரியவே தெரியாது. அதுதான் நம்மை உறுத்துகிறது. நூல் மில் சகோதரியும் நாற்று நடும் தாயும் வாரக்கணக்கில் கூலியை இழந்து, பஸ்ஸேறிப் போய்ப் பெறுகிற கதிர் குறி தவறலாமா? கிளிப் வைத்த விவரத்தை ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதித் தரவேண்டும். உடன் போகிறவர்கள் ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் இதைக் கேளுங்கள்.