வேட்டைக்குப் போன அப்பனும் மகனும்

பொங்கலுக்கு வந்திருந்த தங்கச்சி மகன் செல்போனில் ஒரு போட்டோ காட்டினான். அவனுக்குப் பெங்களூரில் வேலை. போட்டோவில் ஒரு வெள்ளைக்காரர், பக்கத்தில் வளர்ந்த மகன், ரெண்டு பேர் கையிலும் துப்பாக்கி. காலடியில் செத்துக் கிடக்கிற சிங்கம். ரெண்டு பேரும் பல் தெரியச் சிரிக்கிறார்கள்.

"பாருங்க மாமா, அப்பாவும் பையனும் இப்படி ஒரு ட்ரிப் போனா எவ்ளோ நெருக்கம் வரும்! நானும் எங்கப்பாவும் பேசறதே ஃபோன்ல ரெண்டு நிமிஷம்தான்" என்றான்.

நான் அப்போ ஒண்ணும் சொல்லலை. மக்காச்சோளக் காட்டுக்கு ராக்காவல் போகிற நேரம். இப்போ சொல்கிறேன், அவனுக்கும், அவனைப் போல டவுனில் இருந்துகொண்டு இதைப் படிக்கிற உங்களுக்கும்.

அப்பா-மகன் வேட்டை என்றாலே எல்லாரும் இழுக்கிற பேர் தியோடர் ரூஸ்வெல்ட். 1909 மார்ச்சில் அமெரிக்க ஜனாதிபதி பதவி முடிந்தது. அதே மாதம் ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏறிவிட்டார். கூடவே மகன் கெர்மிட், வயசு 19, ஹார்வர்டு படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு. ஸ்மித்சோனியன் மியூசியத்துக்கு மாதிரி சேகரிக்கிறோம் என்பது காரணம். கோடீஸ்வரர் கார்னகியின் காசும் உண்டு. சுமை தூக்க 200 பேருக்கு மேல். தோல் கெடாமல் இருக்க 4 டன் உப்பு. ஓய்வு நேரத்தில் படிக்க பன்றித்தோல் அட்டை போட்ட புத்தகப் பெட்டி வேறு. கிட்டத்தட்ட ஒரு வருஷம் மொம்பாசாவில் ஆரம்பித்து கார்ட்டூம் வரைக்கும் சுற்றினார்கள். ரெண்டு பேர் துப்பாக்கிக்கும் விழுந்தவை 512. அப்பா 296, மகன் 216. அதில் சிங்கம் 17, யானை 11, காண்டாமிருகம் 20.

ரூஸ்வெல்ட் சாதாரண ஆள் இல்லை, ஒத்துக்கறேன். தன் நாட்டில் கோடிக்கணக்கான ஏக்கர் காட்டைக் காப்பாற்றி வைத்தவர். மியூசியத்துக்கு மாதிரி வேணும் என்பதும் பொய் இல்லை. ஆனால் மாதிரிக்கு 20 காண்டாமிருகம் எதுக்குங்க? நானும் விதைக்கு நெல் எடுத்து வைக்கிறவன்தான். விதைக்கு எடுக்கிறேன்னு களத்தையே யாரும் வாரிக்கொண்டு போவதில்லை.

அந்த 20-இல் 9, நைல் கரையில் லாடோ என்ற பகுதியில் சுட்ட வெள்ளைக் காண்டாமிருகம். வடக்கு வகை. அந்த வகையில் கடைசி ஆண், சூடான் என்று பேர், 2018 மார்ச்சில் கென்யாவில் செத்தது. இப்போது உலகத்திலேயே மிச்சம் ரெண்டு பெண்கள்தான். நாஜின், ஃபாட்டு. தாயும் மகளும். கொம்புத் திருடர்களும் உள்நாட்டுச் சண்டைகளும்தான் அந்த இனத்தை அழித்தது. ரூஸ்வெல்ட் குடும்பம் மட்டுமே காரணம் என்று பழி போட மாட்டேன். ஆனாலும் அப்பனும் மகனும் ஒண்ணா இருந்ததுக்கு ஞாபகமாகச் சுட்ட இனத்தில், இன்றைக்குத் துணைக்குத் துணையாக ஒரு தாயும் மகளும் மட்டும் நிற்கிறதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கலை.

"வேட்டைக் கட்டணம்தான் காட்டைக் காப்பாத்துது" என்று ஒரு கட்சி உண்டு. நமீபியாவில் அந்தப் பணத்தில் ஒரு பங்கு ஊர்ச் சங்கங்களுக்குப் போகிறது, நிஜம்தான். கென்யா 1977-இலேயே வேட்டையைத் தடை செய்துவிட்டது. எது சரி என்பதை அந்த ஊர்க்காரர்கள் பேசிக்கொள்ளட்டும். அது வரவு செலவுக் கணக்கு. அந்தக் கணக்கைத் தூக்கி வந்து பாசம்னு பேர் வைக்காதீங்க என்கிறேன்.

நான் சைவம் கிடையாது. எங்க அப்பாரு காலத்தில் வலையும் நாயும் கொண்டு முயல் வேட்டைக்குப் போனவர்கள்தான் நாங்கள். அடித்ததை வளவுக்கெல்லாம் பங்கு போட்டுத் தின்றார்கள். 1972-இல் வனவிலங்குச் சட்டம் வந்தது, அதோடு நின்றது. நின்றதும் நல்லதுதான்.

இப்போ எங்க வேட்டையைச் சொல்கிறேன். என் மகனுக்கு வயசு 24. கோயம்புத்தூரில் லேத் பட்டறை வேலை. சனிக்கிழமை ராத்திரி பஸ் பிடித்து வருவான், நேரா பரணுக்குத்தான். கையில் டார்ச், தட்ட ஒரு தகர டப்பா. காட்டைச் சுத்தி அவங்கம்மாவின் பழைய சேலைகள். காட்டுப்பன்னி மந்தை ஒன்று புகுந்தால் விடியறதுக்குள்ள அரை ஏக்கர் படுத்துடும். தின்பது கொஞ்சம், உழக்குவது மிச்சம். சில நாள் ஆனை வரும். அன்றைக்குத் தகரத்தையும் தட்டாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

போன கார்த்திகையில் மூணாவது தடவையாகப் பன்னி புகுந்த அன்றைக்கு அவன் கேட்டான். "அப்பா, நாமளும் ஒரு கரண்டு கம்பி இழுத்துடலாமா?"

"கம்பிக்குப் பன்னி எது, ஆனை எது, புல்லறுக்க வர்ற பொம்பளை யாருன்னு தெரியாது கண்ணு" என்றேன்.

ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் "அப்ப வெள்ளாமைக்கு என்ன வழி?" என்றான்.

எனக்குப் பதில் தெரியலை. சட்டத்திலும் இல்லை. 2022 திருத்தத்துக்கு அப்புறம் பன்னி ரெண்டாம் அட்டவணையில் இருக்கிறது. 2025 ஜனவரியில் நம்ம அரசு ஒரு வழி சொன்னது: காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டர் தாண்டி வந்தால் வனத்துறை சுடலாம், 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விடலாம், 1 கிலோமீட்டருக்குள் கை வைக்கக் கூடாது. என் காடு அந்த 1 கிலோமீட்டருக்குள். நானே சுடணும்னு கேட்கலை. பன்னியை நெருங்க விடாத வேலியும், போன வெள்ளாமைக்கு நேரத்தோடு நியாயமான காசும் கேட்கிறேன். அதைக் கேட்டாலே டவுனில் சிலர் "காட்டை ஆக்கிரமிச்சது நீங்கதானே, வாயில்லா ஜீவன் பாவம்" என்று பாடம் எடுக்கிறார்கள். அதே ஆட்கள் சிங்கத்துப் பக்கத்தில் சிரிக்கிற அப்பா-மகன் போட்டோவுக்கு ஹார்ட்டின் போடுகிறார்கள். காசு கட்டிக் கொன்றால் சாகசம், வயிற்றுக்காக விரட்டினால் கொடுமையா? ஒரு நியாயம் வேண்டாமா?

அன்றைக்கு விடியும்வரை நானும் மகனும் ஒரே போர்வைக்குள்தான் உட்கார்ந்திருந்தோம். கம்பி இழுக்கலை. அந்த வாரம் கால் ஏக்கர் போனது. அவன் மறுபடி கம்பி பேச்சை எடுக்கலை, அடுத்த சனிக்கிழமையும் வந்தான். எங்களுக்குள்ள நெருக்கம்னு ஒண்ணு இருந்தால் அது இதில் வந்ததுதான்.

மாப்ள, உங்கப்பாவோட ட்ரிப் போகணும்னா அவரையும் கூட்டிக்கொண்டு இங்கே வா. பரணில் நாலு பேருக்கு இடம் இருக்கு. போர்வை மட்டும் கொண்டு வாங்க, பனி அதிகம்.